உப்புக்காற்றும் டிஸ்க் பிரேக்கும்

வீட்டுப் பட்டறை – 11

கடலோரத்தில் டிஸ்க் பிரேக் தேய்ந்து கெடுவதைவிட இறுகிக் கெடுவதுதான் அதிகம். காரைக்கால் கோவில்பத்தில் குடியிருக்கும் எவரும் இதைத் தம் வண்டியிலேயே பார்த்துக்கொள்ளலாம். சம்பந்தர் பாடிய திருத்தெளிச்சேரி பார்வதீசுவரர் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களிலிருந்து கடற்கரை சைக்கிள் மிதிக்கும் தூரம்தான். மாலைக் கடற்காற்று வீட்டு ஜன்னல் கம்பியை என்ன செய்கிறதோ அதையேதான் வாசலில் நிற்கும் பைக்கின் முன்சக்கரத்தையும் செய்கிறது. கம்பிக்குப் பெயின்ட் அடிக்கிறோம். டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பரைக் கழற்றிப் பார்ப்பவர்கள் மிகக் குறைவு.

போன வாரம் செயின் பற்றி எழுதினேன். செயின் வெளியே தெரிவதால் துருப்பிடித்தால் கண் காட்டிக்கொடுத்துவிடும். காலிப்பர் அப்படியல்ல. வெளியே கறுப்பு வர்ணம் பளிச்சென்று இருக்கும். உள்ளே பிஸ்டன் அசையாமல் கிடக்கும். இந்த ஊர்ப் பட்டறைகளில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இதுதான்: “பேட்டு இன்னும் பாதி இருக்கு தம்பி. ஆனா சக்கரத்தத் தூக்கிச் சுத்திப் பாருங்க, சுத்தவே மாட்டேங்குது.” பேட் பாதி இருக்கும்போதே பிரேக் போய்விட்டது என்றால் பலர் நம்புவதில்லை. புதுப் பேட் வாங்கிப் போட்டுக்கொண்டு போகிறார்கள். ஒரு மாதத்தில் பழைய கதை திரும்பிவிடுகிறது.

ஆகவே இந்த வாரம் பேட் மாற்றுவது எப்படி என்பதை எழுதினாலும், நான் வற்புறுத்திச் சொல்ல வருவது வேறு. பேட்டைக் கழற்றும் வேலை சின்னது. கழற்றிய பிறகு காலிப்பரைத் துடைத்து, அசையவேண்டியவை அசைகின்றனவா என்று பார்த்து மூடுவதுதான் வேலை. அதை வீட்டு வாசலிலேயே, ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில் செய்துவிடலாம்.

டிஸ்க் பிரேக் புதிய கண்டுபிடிப்பு அல்ல. இங்கிலாந்தில் பர்மிங்காமைச் சேர்ந்த ஃப்ரெடரிக் லான்செஸ்டர் 1902-லேயே காப்புரிமை வாங்கினார். அவர் செம்பைப் பேடாக வைத்தார். அது கிறீச்சென்று கத்தியது, சீக்கிரம் தேய்ந்தது. தொழிற்சாலையில் பெருமளவில் தயாரான மோட்டார் சைக்கிளில் முன்சக்கர ஹைட்ராலிக் டிஸ்க் வந்தது 1969-இல், ஹோண்டாவின் சிபி750-இல். நம் தெருக்களுக்கு அது பரவலாக வந்துசேர இன்னும் முப்பது ஆண்டுகள் ஆயின. 1999-இல் ஹீரோ ஹோண்டா சிபிஇசட், 2001-இல் பஜாஜ் பல்சர் என்று வரிசையாக வந்தபோது டிஸ்க் என்பது இளைஞர்களின் பெருமை. இப்போது அது சட்டத்தோடும் சேர்ந்துவிட்டது. 2018 ஏப்ரல் 1 முதல் புதிய மாடல்களுக்கும், 2019 ஏப்ரல் 1 முதல் விற்பனையாகும் எல்லா வண்டிகளுக்கும், 125 சிசிக்கு மேல் ஏபிஎஸ் கட்டாயம். அதற்குக் கீழே, இரண்டு பிரேக்கையும் இணைக்கும் சிபிஎஸ்ஸாவது இருக்க வேண்டும். பிஒய்-02 எண் தாங்கி கோவில்பத்தில் நிற்கும் வண்டிகளில் டிஸ்க் உள்ளவை இப்போது ஏராளம்.

முன்னால் டிஸ்க்கும் கூடவே சிபிஎஸ்ஸும் உள்ள வண்டியில் பின் பிரேக்கை மிதித்தால் முன் பிரேக்கும் சேர்ந்து வேலை செய்யும். “நான் முன் பிரேக்கே பிடிக்கறதில்ல” என்று சொல்பவரின் உயிரும் அந்த முன் காலிப்பரை நம்பித்தான் இருக்கிறது.

இந்த வழக்கத்தைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. டெல்டாவில் வண்டி ஓட்டக் கற்றுக்கொடுக்கும் அண்ணன்களும் மாமாக்களும் முதலில் சொல்லும் எச்சரிக்கை, “முன் பிரேக்கத் தொடாத, தூக்கிப் போட்டுடும்.” அறுவடைக் காலத்தில் தார்ச்சாலையில் நெல்லைக் காயப்போட்டிருக்கும் ஊர்களில் அந்த எச்சரிக்கைக்குக் காரணம் உண்டு. நெல்மணிமேல் முன்சக்கரம் இறுகினால் வண்டி சறுக்கும். ஆனால் காய்ந்த சாலையில் நிறுத்தும்போது வண்டியின் பாரமெல்லாம் முன்னோக்கிச் சாய்வதால் நிறுத்தும் வேலையில் பெரும்பங்கை முன்சக்கரம்தான் செய்ய முடியும். பின்சக்கரம் இலேசாகிவிடும். முன் பிரேக்கைத் தொடாமலே பழகியவருக்கு இன்னொரு இழப்பும் உண்டு, அதுதான் இந்தக் கட்டுரைக்குரியது: அசையாத பிஸ்டன் ஒரே இடத்தில் நின்று உப்பைச் சேர்க்கிறது. தினமும் நன்றாக அழுத்தப்படும் காலிப்பரைவிட, தொடாமல் விடப்பட்ட காலிப்பர் கடலோரத்தில் விரைவில் இறுகும்.

உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்துவிட்டால் மற்றதெல்லாம் தானே புரியும். கைப்பிடி அருகே இருக்கும் சின்ன எண்ணெய்க் கிண்ணத்துக்குக் கீழே மாஸ்டர் சிலிண்டர். லிவரை இழுத்தால் அதன் பிஸ்டன் பிரேக் ஆயிலைத் தள்ளுகிறது. ஆயில் ஹோஸ் வழியாகக் காலிப்பருக்குப் போய் அங்கிருக்கும் பெரிய பிஸ்டனைத் தள்ளுகிறது. காலிப்பர் பிஸ்டனின் விட்டம் மாஸ்டர் பிஸ்டனைப்போல் இரு மடங்கு என்றால் பரப்பு நான்கு மடங்கு. விசையும் நான்கு மடங்காகிறது. பாஸ்கல் 17-ஆம் நூற்றாண்டில் சொன்ன விதி, நம் இரண்டு விரல்களுக்குள் வேலை செய்கிறது.

சாதாரண பைக்குகளில் பிஸ்டன் டிஸ்க்கின் ஒரு பக்கத்தில்தான் இருக்கிறது. அது தன் பக்கத்துப் பேட்டை டிஸ்க்கின்மேல் அழுத்துகிறது. அழுத்தியதும் அதற்கு எதிராகக் காலிப்பரின் உடம்பு பின்னோக்கி நகர்ந்து மறுபக்கப் பேட்டையும் இழுத்து டிஸ்க்கோடு சேர்க்கிறது. இப்படி நகர்வதற்காகக் காலிப்பர் இரண்டு வழுவழுப்பான இரும்புப் பின்களின்மேல் உட்கார்ந்திருக்கிறது. பட்டறையில் கைடு பின் என்பார்கள். அவற்றை ரப்பர் உறைகள் மூடியிருக்கும். பின் வழுக்கினால்தான் இரண்டு பேட்டும் சமமாக வேலை செய்யும்.

லிவரை விட்டதும் பிஸ்டன் எப்படிப் பின்வாங்குகிறது? ஸ்பிரிங் எதுவும் இல்லை. எனக்கு இந்த வண்டியிலேயே மிகவும் பிடித்த பொருள் இங்கேதான் இருக்கிறது: பிஸ்டனைச் சுற்றிய ரப்பர் சீல். வட்டமாக உருண்டிருக்காமல் சதுர வெட்டில் செய்யப்பட்டிருக்கும். பிஸ்டன் முன்னே போகும்போது சீல் அதன் உடம்பைப் பற்றிக்கொண்டு இலேசாக முறுக்கிக்கொள்ளும். அழுத்தம் நின்றதும் முறுக்குத் தளர்ந்து பிஸ்டனையும் கூடவே இழுத்துக்கொண்டு வரும். அந்த இழுப்பு ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவுதான். அந்த மயிரிழை இடைவெளியால்தான் சக்கரம் சுதந்திரமாகச் சுற்றுகிறது. பேட் தேயத் தேய சீல் வழுக்கி பிஸ்டனைக் கொஞ்சம் முன்னே விட்டுப் புது இடத்தில் பிடித்துக்கொள்ளும். டிரம் பிரேக்கில் நட்டைத் திருகி அட்ஜஸ்ட் செய்வதுபோல் இங்கே எதுவும் தேவைப்படாததற்கு இந்த ஒரு ரப்பர் வளையம்தான் காரணம். பேட் தேயத் தேய, மேலே கிண்ணத்தில் ஆயில் மட்டம் இறங்குவதும் இதனால்தான். மட்டம் இறங்கிவிட்டதே என்று உடனே ஆயில் ஊற்றுகிறவர்கள் முதலில் பேட்டின் தடிமனைப் பார்க்க வேண்டும்.

இப்போது இந்த நுட்பத்துக்குள் உப்பை விட்டுப் பாருங்கள்.

முதலில் பின்கள். ரப்பர் உறை வெடித்திருந்தால் ஈரமும் உப்பும் உள்ளே போய் கிரீஸைக் கரைத்து வெளியேற்றும். இரும்புப் பின்னும் அலுமினியக் காலிப்பரும் உப்பு ஈரத்தில் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தால் மின்வேதி அரிப்பு தொடங்கும். வெள்ளைப் பொடி பூக்கும். பின் இறுகும். காலிப்பர் நகராது. பிஸ்டன் பக்கத்துப் பேட் மட்டும் தேய்ந்து மறுபக்கப் பேட் புதிதுபோல் இருந்தால் இதுதான் நோய்.

அடுத்தது பிஸ்டன். குரோம் பூசிய அதன் உடம்பில் சீலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பகுதியில்தான் தூசியும் உப்பும் படியும். நாளாக ஆகக் குரோமில் குழிகள் விழும். இதைத் துடைக்காமல் அப்படியே பிஸ்டனை உள்ளே தள்ளினால் அந்தச் சொரசொரப்பு சீலின் உதட்டைக் கீறிக்கொண்டு போகும். பிறகு ஆயில் கசியும். பேட் மாற்றும்வரை நன்றாக இருந்த பிரேக், மாற்றிய பிறகு கசியத் தொடங்குவதற்குப் பெரும்பாலும் காரணம் இந்த ஒரு தள்ளல்தான். சீல் உட்காரும் பள்ளத்திலும் அலுமினியம் அரித்துப் பொடி சேரும். அது சீலை வெளியே தள்ளி பிஸ்டனை நெரிக்கும். அப்போது அந்த மயிரிழை இடைவெளி காணாமல் போகும். பேட் எப்போதும் டிஸ்க்கைத் தொட்டுக்கொண்டே இருக்கும். டிஸ்க் சூடாகும், சூடு ஆயிலுக்குப் போகும், ஆயில் விரியும், விரிந்த ஆயில் பேட்டை இன்னும் அழுத்தும். தரங்கம்பாடி வரை கிழக்குக் கடற்கரைச் சாலையில் போய் வந்தவரின் வண்டி வீட்டு வாசலில் தள்ளமுடியாமல் நிற்பது இப்படித்தான்.

மூன்றாவது பேட்டின் முதுகு. தேயும் பொருள் ஓர் இரும்புத் தகட்டின்மேல் ஒட்டப்பட்டிருக்கிறது. ஓரத்தில் வர்ணம் உரிந்த இடத்தில் துரு நுழைந்தால், துரு இரும்பைவிட அதிக இடம் பிடிப்பதால், ஒட்டிய பொருளை மெல்ல நெம்பித் தூக்கும். தடிமன் நன்றாக இருக்கும் பேட்கூட ஒருநாள் தகட்டிலிருந்து பிய்ந்து வரலாம். ஆகவே கடலோரத்தில் பேட்டைத் தடிமனை மட்டும் வைத்து மதிப்பிடக் கூடாது. தகட்டுக்கும் பொருளுக்கும் நடுவே நகத்தை ஓட்டிப் பார்க்க வேண்டும். விரிசல் தெரிந்தால் அதன் காலம் முடிந்தது.

காரைக்கால்மேட்டிலும் கிளிஞ்சல்மேட்டிலும் பட்டினச்சேரியிலும் விடியற்காலையில் கரைக்கு வரும் மீனை ஏற்றிக்கொண்டு ஊருக்குள் வரும் வண்டிகளுக்கு இது இன்னும் கடுமை. பின்சீட்டுப் பெட்டியிலிருந்து ஐஸ் உருகி உப்புநீராகப் பின்சக்கரத்தின்மேல் சொட்டிக்கொண்டே வரும். பின்னாலும் டிஸ்க் உள்ள வண்டியில் மீன் ஏற்றுகிறவர்கள் முன் காலிப்பரைவிடப் பின் காலிப்பரைத்தான் முதலில் பார்க்க வேண்டும். பெட்டிக்கு அடியில் ஒரு தட்டு வைத்து, உருகும் நீரைக் குழாய் வழியாகச் சக்கரத்தைத் தாண்டிப் பின்னால் விழச்செய்தால் பாதிச் சேதம் குறையும். உழைக்கும் வண்டிக்குத்தான் இந்தக் கவனம் மற்றவற்றைவிட அதிகம் வேண்டும். அது நின்றால் அன்றைய வருமானமும் நின்றுவிடும்.

இனி வேலைக்கு வருவோம். வேண்டியவை: உங்கள் வண்டிக்குரிய ஆலன் கீ, 12 அல்லது 14 எண் ரிங் ஸ்பேனர், ஸ்டார் ஸ்க்ரூ டிரைவர், பழைய டூத் பிரஷ், பனியன் வேஸ்ட், ஊசி இல்லாத சிரிஞ்சு, பிரேக்குக்கான சிலிக்கான் கிரீஸ், பிரேக் கிளீனர் அல்லது ஐசோபுரோப்பைல் ஆல்கஹால், ஒரு வாளி நல்ல தண்ணீர், கொஞ்சம் சோப்பு. வண்டி சூடாக இருக்கும்போது தொடாதீர்கள்.

காலிப்பர் ஃபோர்க்கில் இறுக்கமாக இருக்கும்போதே பேட்டைத் தாங்கும் பின்னை ஆலன் கீயால் ஒரு சுற்றுத் தளர்த்திவிடுங்கள். கழற்றிக் கையில் எடுத்த பிறகு அது அசையாது. அந்தப் பின்னின் தலை மழுங்கிப்போவது பெரும்பாலும் இதனால்தான். பிறகு இரண்டு மவுன்டிங் போல்ட்டுகளைக் கழற்றினால் காலிப்பர் டிஸ்க்கை விட்டு வரும். அதை ஹோஸில் தொங்கவிடாதீர்கள், ஒரு கயிற்றால் ஃபோர்க்கில் கட்டுங்கள். பேட் பின்னை முழுதும் உருவினால் இரண்டு பேட்டும் கைக்கு வந்துவிடும். உள்ளே இருக்கும் மெல்லிய ஸ்பிரிங் தகடு எந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்திருக்கிறது என்று ஒரு படம் எடுத்துவைத்துக்கொள்ளுங்கள்.

உள்ளே இருக்கும் கறுப்புத் தூசியை வாயால் ஊதாதீர்கள். காற்றுக் குழாயாலும் அடிக்காதீர்கள். ஆஸ்பெஸ்டாஸ் இல்லை என்று பெட்டியில் அச்சிட்ட பேட்கள்தான் இப்போது வழக்கம் என்றாலும், இந்தியாவில் ஆஸ்பெஸ்டாஸ் பயன்பாடு இன்னும் முழுமையாகத் தடை செய்யப்படவில்லை. உங்கள் பழைய பேட்டில் என்ன இருந்தது என்பது தெரியாது. அந்த இழை நுரையீரலில் தங்கினால் பல ஆண்டுகள் கழித்துப் புற்றுநோயாக வரலாம். ஈரத்துணியால் துடைத்து அந்தத் துணியை எறிந்துவிடுங்கள். பக்கத்தில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கும் பிள்ளைகளைக் கொஞ்சம் தள்ளி உட்காரச் சொல்லுங்கள்.

இப்போது முக்கியமான இடம். பிஸ்டனை உள்ளே தள்ளுவதற்கு முன்னால், லிவரை மெதுவாக ஓரிரு முறை இழுத்து அதைச் சில மில்லிமீட்டர் வெளியே வரச்செய்யுங்கள். அதிகம் இழுத்தால் பிஸ்டன் கழன்று விழுந்துவிடும். கண் அதன்மேலேயே இருக்கட்டும். சோப்புத் தண்ணீரில் நனைத்த டூத் பிரஷால் சுற்றிலும் தேயுங்கள். பின்பக்கம் பிரஷ் எட்டாத இடத்துக்குத் துணியைப் பட்டையாகக் கிழித்து பிஸ்டனைச் சுற்றிப் போட்டு இருபக்கமும் மாறி மாறி இழுங்கள். குரோம் பளிச்சென்று தெரிய வேண்டும். எமரி பேப்பர் போடக் கூடாது. பெட்ரோல், டீசல், மண்ணெண்ணெய், துருநீக்கும் ஸ்பிரே எதுவும் இந்த ரப்பர் பக்கம் வரவே கூடாது. பிரேக்கின் ரப்பர் கிளைக்கால் ஆயிலைத் தாங்கும்படி செய்யப்பட்டது. பெட்ரோலிய எண்ணெய் பட்டால் ஊதிப்போகும். எதற்கும் மண்ணெண்ணெய் போட்டுக் கழுவும் பழக்கம் நம் பக்கத்தில் வேர்விட்டிருக்கிறது. என்ஜினுக்கு அது சரி. பிரேக்கில் அது கேடு.

துடைத்த பிஸ்டனில் நகம் சிக்கும்படி குழி இருந்தால், அதிலும் அந்தக் குழி சீல் உட்காரும் பகுதியில் இருந்தால், வேலையை அங்கேயே நிறுத்துங்கள். பிஸ்டனும் சீலும் சேர்ந்து கிட்டாகக் கிடைக்கும். அதைப் போட ஹைட்ராலிக்கைத் திறக்க வேண்டும், ஏர் எடுக்க வேண்டும். பழகாதவர் அதை வீட்டில் செய்யக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம். ஏபிஎஸ் வண்டியானால் நிச்சயமாகக் கூடாது. காலிப்பரைப் பழையபடி மாட்டி, வண்டியை ஓட்டாமல், மெக்கானிக்கை வீட்டுக்கு வரச்சொல்லுங்கள்.

நன்றாக இருந்தால், மேலே கிண்ணத்தின் மூடியைத் திறந்து, ஆயில் மேல்கோட்டில் நின்றால் சிரிஞ்சால் கொஞ்சம் எடுத்துவிடுங்கள். அதன் ஸ்க்ரூக்கள் கடலோர வண்டிகளில் இறுகியிருக்கும். தலையில் ஸ்க்ரூ டிரைவரை வைத்து ஒரு சின்னத் தட்டு தட்டிவிட்டுத் திருப்பினால் வரும். பிரேக் ஆயில் டேங்க்கின்மேல் சொட்டினால் பெயின்ட் பொங்கி உரியும். துணியைப் போட்டு மூடுங்கள்; சொட்டினால் உடனே தண்ணீர் ஊற்றுங்கள். பழைய பேட் ஒன்றை பிஸ்டன்மேல் வைத்து இரு கட்டைவிரல்களால் நேராக, மெதுவாகத் தள்ளுங்கள். சுத்தமான பிஸ்டன் விரல் அழுத்தத்துக்கே போகும். நெம்புகோல் தேவைப்பட்டால் இன்னும் சுத்தமாகவில்லை என்றே பொருள்.

அடுத்து கைடு பின்கள். காலிப்பரையும் அதன் தாங்கியையும் எதிரெதிராக இழுத்தால் இரண்டும் பிரியும். பழைய கிரீஸ் வற்றி மஞ்சளாகக் கட்டியிருக்கும். முழுக்கத் துடைத்து எடுங்கள். பின்னில் இலேசான துரு இருந்தால் இங்கே மட்டும் நைலான் ஸ்கிரப்பரால் தேய்க்கலாம். குழி விழுந்திருந்தால் மாற்றுங்கள், பெரிய செலவில்லை. ரப்பர் உறையை விரித்துப் பார்த்து வெடிப்பு இருந்தால் அதையும் மாற்றுங்கள். சிலிக்கான் கிரீஸை மெல்லியதாகப் பூசித் திரும்ப மாட்டினால் காலிப்பர் இரண்டு விரலால் முன்னும் பின்னும் வழுக்க வேண்டும். வீல் பேரிங்குக்குப் போடும் கிரீஸை இங்கே போடாதீர்கள். காரணம் மேலே சொன்னதுதான்.

டிஸ்க்கையும் ஒரு பார்வை பாருங்கள். மோட்டார் சைக்கிள் டிஸ்க் துருப்பிடிக்காத வகை எஃகு. கார் டிஸ்க்போல் ஒரே இரவில் சிவந்துபோகாது. ஆனால் தேயும். குறைந்தபட்சத் தடிமன் எவ்வளவு என்று மில்லிமீட்டரில் அதன்மேலேயே பொறித்திருப்பார்கள். வெர்னியரில் அளந்து அதற்குக் கீழே போயிருந்தால் புதுப் பேட் போடுவது வீண்.

புதுப் பேட் வாங்குவதில் என் கருத்து ஒன்றே: வண்டிக் கம்பெனியின் பேட், அல்லது பெயர் தெரிந்த உற்பத்தியாளரின் பேட். இந்த விஷயத்தில் தமிழ்நாட்டுக்குப் பெருமைப்பட உரிமை இருக்கிறது. சென்னைப் பாடியில் பிரேக்ஸ் இந்தியா 1962-இல் தொடங்கியது. ரானே பிரேக் லைனிங் 1964-இல் வந்தது, சுந்தரம் பிரேக் லைனிங்ஸ் 1974-இல். நாட்டில் ஓடும் எத்தனையோ லாரிகளையும் கார்களையும் பைக்குகளையும் நிறுத்துவது இவர்கள் செய்த பொருள்தான். இந்தத் தொழிலின் ஆரம்பம் எளிமையானது. இங்கிலாந்தின் டெர்பிஷயரில் விவசாயிகள் இறக்கத்தில் குதிரைவண்டிகளை நிறுத்தக் கட்டைப் பிரேக்கில் பழைய பூட்ஸை ஆணியடித்து வைப்பதைப் பார்த்து, ஹெர்பர்ட் ஃப்ரூட் என்பவர் 1897-இல் உராய்வுப் பொருள் செய்யத் தொடங்கினார். ஃபெரோடோ நிறுவனம் அங்கிருந்து வளர்ந்தது. அத்தனை தலைமுறை ஆராய்ச்சி அந்தச் சின்ன வில்லைக்குள் இருக்கிறது. முகவரி இல்லாத பெட்டியில் பாதி விலைக்குக் கிடைக்கும் பேடில் அது இருக்காது.

சின்டர்டு பேட் போட்டால் இன்னும் நன்றாகப் பிடிக்கும் என்று கடையில் சொல்வார்கள். உலோகப் பொடியைச் சுட்டுச் செய்யும் அந்தப் பேட் மழையில் நன்றாகப் பிடிக்கும் என்பது உண்மை. ஆனால் ஆர்கானிக் பேடுக்கென்று வடிவமைத்த டிஸ்க்கை அது வேகமாகத் தின்னும். வண்டியோடு வந்தது எந்த வகையோ அதையே போடுங்கள். ஒரு பேட்டை மட்டும் மாற்றும் பழக்கமும் வேண்டாம், இரண்டையும் சேர்த்து மாற்றுங்கள்.

மாட்டும்போது கழற்றியதற்கு எதிர்வரிசை. பேட்டின் முகத்திலோ டிஸ்க்கிலோ கிரீஸ் கை படக் கூடாது. பட்டுவிட்டால் டிஸ்க்கை ஆல்கஹாலால் துடைக்கலாம், பேட்டில் ஊறிய எண்ணெய் போகாது. மவுன்டிங் போல்ட்டை வண்டியின் கையேட்டில் கொடுத்த அளவுக்கு டார்க் ரெஞ்சால் இறுக்குவதே சரி. பக்கத்துப் பட்டறையில் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். பேட் பின்னையும் மறக்காமல் முறுக்குங்கள். கிண்ணத்தில் ஆயில் இரு கோடுகளுக்கும் நடுவே நிற்கட்டும். மூடியை மூடுங்கள்.

பிறகு, வண்டியைத் தள்ளுவதற்குக்கூட முன்னால், லிவரை இழுத்து இழுத்து விடுங்கள். முதல் சில இழுப்புகளில் லிவர் கைப்பிடியோடு ஒட்டிக்கொள்ளும். பிஸ்டன் பேட்டை எட்டியதும் கெட்டியாகும். இதைச் செய்யாமல் தெருவுக்கு எடுத்தால் முதல் திருப்பத்தில் பிரேக்கே இருக்காது. பேட் மாற்றிய பின் நடக்கும் விபத்துகளில் மிக எளிதில் தவிர்க்கக்கூடியது இதுதான். எத்தனை தடவை இழுத்தும் லிவர் பஞ்சுபோல் அமுங்கினால் காற்று புகுந்திருக்கிறது, வண்டியை எடுக்காதீர்கள்.

புதுப் பேட் உடனே முழுப்பிடி கொடுக்காது. காலி ரோட்டில் 40 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 10 வரை மிதமாகக் குறைத்து, விட்டு, மறுபடி குறைத்து, இருபது முப்பது தடவை செய்தால் பேட்டின் முகம் டிஸ்க்கின் தேய்மானத்தோடு பொருந்திவிடும். சனிக்கிழமையில் திருநள்ளாறு சாலைக் கூட்டத்துக்குள் புதுப் பேடோடு நுழையாதீர்கள்.

பிரேக் ஆயிலைப் பற்றி ஒரு வார்த்தை. டாட் 3, டாட் 4 இரண்டும் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் குணமுள்ளவை. புதிய டாட் 4 ஆயிலின் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும் என்பது தரவிதி, 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்துவிட்டால் அது 155 டிகிரி வரை இறங்கலாம். அந்தத் தண்ணீர் காலிப்பரை உள்ளிருந்தும் அரிக்கும். ஆண்டு முழுதும் ஈரக்காற்றில் நிற்கும் நம் ஊர் வண்டிகளுக்கு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஆயில் மாற்றுவது கட்டாயம். தேன் நிறத்திலிருந்து காபி நிறத்துக்கு வந்துவிட்டால் காத்திருக்காதீர்கள். திறந்து பல மாதம் அலமாரியில் இருந்த பாட்டில் ஆயிலை ஊற்றாதீர்கள். மூடிய கிண்ணத்தைவிட வேகமாக அது ஈரம் குடித்திருக்கும்.

கழுவுவதிலும் ஒரு கவனம் வேண்டும். கடலோரப் போர்வெல் தண்ணீர் பல இடங்களில் உவர்ப்பு. அந்தத் தண்ணீரில் வாட்டர் சர்வீஸ் செய்து வெயிலில் நிறுத்தினால் உப்பைக் கழுவியதாகாது, உப்பைப் பூசியதாகும். குழாயில் வரும் நல்ல தண்ணீர் ஒரு வாளி போதும். கடற்கரையில் நிறுத்திவிட்டு வந்த இரவில் காலிப்பர்மேல் இரண்டு செம்பு ஊற்றி, தெருமுனை வரை ஓட்டி, முன் பிரேக்கை நாலு தடவை பிடித்து ஈரத்தைக் காயவைத்து நிறுத்துங்கள். அழுத்தமாகப் பீய்ச்சும் குழாயைப் பின்களின் ரப்பர் உறைமேல் நேராகக் காட்டாதீர்கள்.

கோவில்பத்து வண்டிக்கு என் கணக்கு இது: பேட் தேய்ந்தாலும் தேயாவிட்டாலும் ஆண்டுக்கு இரண்டு முறை காலிப்பரைக் கழற்றித் துடைத்துக் கிரீஸ் போட வேண்டும். ஒன்று வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன் புரட்டாசியில். மற்றொன்று மழை ஓய்ந்து தையில். கடலிலிருந்து தள்ளியுள்ள ஊர்களில் ஓடும் வண்டிக்கு ஒரு முறை போதலாம். மீன் ஏற்றும் வண்டிக்கு இரண்டும் போதாது, மாதம் ஒருமுறை பின்களையாவது அசைத்துப் பார்க்க வேண்டும்.

கழற்றத் துணிவு வராதவர்கள் இன்று மாலையே ஒன்று செய்யுங்கள். செல்போன் டார்ச்சை அடித்துக் காலிப்பருக்குள் இரண்டு பேட்டையும் பாருங்கள். தேயும் பொருள் 1 மில்லிமீட்டர் அளவுக்கு வந்திருந்தாலோ, ஒன்று தடித்தும் மற்றொன்று மெலிந்தும் இருந்தாலோ, வண்டியைத் தள்ளும்போது முன்சக்கரம் இழுத்துப் பிடித்தாலோ, நாளைக்கு அந்த வண்டியில் பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றிக்கொண்டு போகாதீர்கள். அடுத்த வாரம் பின்சக்கரத்து டிரம் பிரேக்கைத் திறப்போம். 14 எண் ஸ்பேனரையும் ஒரு தாள் எமரி பேப்பரையும் எடுத்துவையுங்கள்.